முறிந்த அச்சுகளின் வரலாறு



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பிற்கு ஒரு பொம்மை மகிழுந்தைக் கொண்டு வந்தான். முன்சக்கரங்கள் சிறியவை, பின்சக்கரங்கள் பெரியவை, சேற்றுக்காப்பு எதுவும் இல்லை. 1932ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டியின் சிறு உருவம் அது. "ஐயா, நேராகத் தள்ளினால் ஓடுகிறது. வளைத்துத் தள்ளினால் ஏன் இழுக்கிறது?" என்று கேட்டான். மேசையின்மேல் வைத்து வளைத்துத் தள்ளிப் பார்த்தேன். பின்சக்கரம் ஒன்று உருளாமல் தேய்ந்து வந்தது. வண்டியைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் விளங்கிவிட்டது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே இரும்புக் கம்பியில் இறுகப் பொருத்தப்பட்டிருந்தன.

அவனுக்கு விடை கூறியபின் என் மனம் அந்த வண்டியையே சுற்றி வந்தது. அமெரிக்கர்கள் ஹாட் ராட் என்று அழைக்கும் அவ்வகை வண்டிகளைப் பற்றிச் சில நாள் தேடிப் படித்தேன். எங்குப் பார்த்தாலும் இயந்திரத்தின் புகழே பாடப்பட்டிருந்தது. ஆயினும் அந்த வண்டிகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொரு காலக்கட்டத்திலும் அவற்றைச் செய்தவர்களைத் திகைக்க வைத்த வினா வேறொன்று என்பது புலப்படும். எந்தப் பின்னச்சைப் பொருத்துவது? அந்த வினாவின் வரலாறே இக்கட்டுரை.

முதலில் ஹாட் ராட் என்பது யாது என்று சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1930களில் தென் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. இளைஞர்கள் அவற்றை வாங்கி, தேவையற்ற பகுதிகளைக் கழற்றி எடை குறைத்து, இயந்திரத்தைத் திருத்தி, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் அளந்தனர். 1937இல் தென் கலிஃபோர்னிய நேர அளவைச் சங்கம் தோன்றியது. போருக்குப் பின் இவ்வார்வம் நாடெங்கும் பரவியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழ் தொடங்கப்பட்டது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இவ்வளவு போதும்; நாம் வண்டியின் அடியில் குனிவோம்.

பின்னச்சு என்றால் இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மாட்டுவண்டிக்கு அது பொருந்தும். மகிழுந்தின் பின்னச்சு ஒரே உறைக்குள் மூன்று வேலைகளைச் செய்கிறது. இயந்திரத்திலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்புகிறது. அச்சுழற்சியின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. டிஃபரன்ஷியல் என்னும் இம்மூன்றாவது அமைப்பை 1827இல் பிரெஞ்சுக்காரரான ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக வகுத்தார். மாணவனின் பொம்மையில் இல்லாதது இதுதான். இவற்றோடு வண்டியின் பாதி எடையைத் தாங்குவதும், சக்கரத்தின் உந்துதலை வண்டிக்குக் கடத்துவதும் பின்னச்சின் பொறுப்புகளே.

ஆசிரியர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அச்சு வேறு, அச்சாணி வேறு. சக்கரம் கழன்று விழாதபடி அச்சின் முனையில் செருகப்படும் ஆணியே அச்சாணி. மாணவர் கட்டுரைகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

ஹாட் ராட் வரலாறு ஃபோர்டின் 'டி' வண்டியிலிருந்து தொடங்குகிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 'டி' வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றின் பின்னச்சில் 11 பற்கள் கொண்ட சிறு சக்கரம் 40 பற்கள் கொண்ட பெரிய வளையச் சக்கரத்தைச் சுழற்றியது. 40ஐ 11ஆல் வகுத்தால் 3.64. அதாவது, சிறு சக்கரம் 3.64 முறை சுழன்றால் வண்டிச் சக்கரம் ஒரு முறை சுழலும். இவ்வெண்ணையே பல் விகிதம் என்கிறோம்.

இந்த அச்சினுள் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வளையச் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் தடுக்க இருபுறமும் வளையங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை பேபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையால் ஆனவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கலவை வெடித்து, பொடிந்து, எண்ணெயோடு கலந்துவிடும். அப்போது வளையச் சக்கரம் விலகும். பற்கள் ஒன்றையொன்று பற்றா. வண்டி நகராமல் நின்றுவிட்டால் அது வெறும் தொல்லையே. ஆனால் 'டி' வண்டியின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை. இயந்திரத்தை அடுத்த பற்சக்கரப் பெட்டிக்குள் இருந்தது. அங்கிருந்து சக்கரத்தைத் தடுக்கும் விசை இதே பின்னச்சின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பற்கள் விலகினால் ஓட்டமும் போயிற்று, பிரேக்கும் போயிற்று. மலைச்சரிவில் இறங்கும்போது இது நேர்ந்தால் எஞ்சுவது பின்சக்கரங்களைப் பற்றும் ஒரு கைப்பிடி மட்டுமே. அதுவும் வலுவற்றது. ஆகவே இன்றைக்கும் 'டி' வண்டியைச் சீரமைப்போர், வண்ணம் பூசுவதற்கு முன்பாகவே பின்னச்சைப் பிரித்து, பேபிட் வளையங்களை நீக்கி வெண்கல வளையங்களைப் பொருத்துகின்றனர். சக்கரங்களிலேயே பற்றும் கூடுதல் பிரேக்குகளைப் பொருத்துவோரும் பலர். ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டாத ஒரு வளையத்தில் உயிர் தங்கியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று நடுக்கமாகவே இருந்தது.

அடுத்து வந்தது 'ஏ' வண்டி. 1928 முதல் 1931 வரையிலான அவ்வண்டியிலும், அதன்பின் 1948 வரை வந்த ஃபோர்டு மகிழுந்துகளிலும் இருந்த அச்சை ஹாட் ராட் கலைஞர்கள் 'பேன்ஜோ' என்று செல்லமாக அழைப்பர். நடுவே உருண்டையான உறை, இருபுறமும் மணி வடிவில் குறுகிச் செல்லும் உறைகள் என, பேன்ஜோ இசைக்கருவியை நினைவூட்டும் தோற்றம். சேற்றுக்காப்பு நீக்கப்பட்ட வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் இந்த அச்சும் அதன்மேல் குறுக்காக வளைந்த ஒற்றை வில்பட்டையும் முழுமையாகத் தெரியும். அழகு என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை என்பதே என் எண்ணமும்.

இதன் அமைப்பில் கவனிக்க வேண்டியது, இயக்கத்தண்டை முழுவதும் மூடியிருந்த குழாய். பின்சக்கரம் தரையைத் தள்ளும்போது அச்சின் உறை எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ள முயலும். அம்முறுக்கை இக்குழாயே தாங்கியது. வண்டியை முன்னே உந்தும் விசையையும் இதுவே கடத்தியது. குழாய் இருக்கும் வரை மேலே ஒரு வில்பட்டையும் பக்கத்தில் இரு மெல்லிய தாங்குகம்பிகளுமே போதுமானவை.

குறைகளும் இருந்தன. அச்சுத்தண்டின் வெளிமுனை கூம்பாகக் குறுகியிருக்கும். அதில் ஒரு காடி வெட்டி, சிறு எஃகுத் துண்டைச் செருகி, சக்கரக் குடத்தை மரையால் இறுக்குவார்கள். இறுக்கம் சற்றுத் தளர்ந்தாலும் காடியின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். விரிசல் வளர்ந்து தண்டு முறிந்தால் சக்கரம் கழன்று தனியே ஓடிவிடக்கூடும். உள்முனையிலோ, பற்சக்கரம் தண்டோடு ஒன்றாகவே செய்யப்பட்டிருந்தது. ஆகவே முறிந்த ஒரு தண்டை மாற்றுவதற்கு முழுப் பின்னச்சையும் கழற்றிப் பிரித்தாக வேண்டும். சாலையோரத்தில் முடிகிற வேலை அன்று அது.

இருந்தபோதிலும் பேன்ஜோ அச்சு நெடுங்காலம் நின்றது. 1932இல் வந்த ஃபோர்டின் எட்டு உருளை இயந்திரம் 65 குதிரைத்திறன் கொண்டது. 1940களின் இறுதியில் அது 100 ஆயிற்று. அதுவரை அச்சு ஓரளவு தாங்கியது. நிலைமையை மாற்றியவை அதன்பின் வந்த இயந்திரங்கள். 1949இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தின் 'ராக்கெட்' 135 குதிரைத்திறனோடு வந்தது. 1951இல் கிரைஸ்லரின் இயந்திரம் 180ஐத் தொட்டது. 1955இல் செவர்லே 162 குதிரைத்திறன் கொண்ட, எடை குறைந்த, மலிவான இயந்திரத்தை அளித்தது. விபத்தில் சிதைந்த புது வண்டியிலிருந்து இயந்திரத்தைக் கழற்றி, இருபது ஆண்டுப் பழைய ஃபோர்டில் இறக்குவது வழக்கமாயிற்று.

அச்சுகள் முறியத் தொடங்கின.

இங்கே நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. அச்சை முறித்தது இயந்திரம் மட்டுமன்று, டயரும்தான். குறுகலான பழைய டயர் அளவுக்கு மீறிய விசை வந்தவுடன் தரையில் வழுக்கிவிடும். வழுக்கல் என்பது வீட்டு மின்சாரத்தில் உருகு கம்பி செய்யும் வேலையைப் போன்றது. தான் இழப்பை ஏற்று மற்றவற்றைக் காக்கும். பந்தய வீரர்கள் அகலமான, தரையைக் கவ்விப் பிடிக்கும் டயர்களை மாட்டியதும் அந்தக் காப்பு போய்விட்டது. இயந்திரம் திருப்புகிறது; தரை விட மறுக்கிறது; இடையில் அகப்பட்ட தண்டு முறிகிறது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் வள்ளுவர் கருத்தை நாம் வகுப்பில் விளக்குகிறோம். இங்கே ஏற்றப்பட்டது எடை அன்று, முறுக்குவிசை.

இச்சிக்கலுக்கு வந்த விடைகளில் மிகப் புகழ்பெற்றது டெட் ஹாலிபிராண்ட் என்பவருடையது. டக்ளஸ் விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், போருக்குப் பின் மெக்னீசியச் சக்கரங்களையும் பந்தய வண்டிகளுக்கான பின்னச்சுகளையும் செய்தார். அவருடைய அச்சில் இயக்கத்தண்டு நடு உறையைக் கடந்து பின்புறம் வரை வரும். அங்கே ஒரு மூடிக்குள் இரண்டு பற்சக்கரங்கள் மேலும் கீழுமாக இருக்கும். மூடியைத் திறந்து அவ்விரண்டையும் மாற்றினால் பல் விகிதம் மாறிவிடும். நீண்ட ஓடுதளத்திற்கு ஒன்று, சிறிய வட்டத் தளத்திற்கு ஒன்று எனச் சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம். இதனாலேயே 'குயிக் சேஞ்ச்' என்ற பெயர். நேர்ப்பற்கள் உரசும் இரைச்சலைக்கூட ஆர்வலர்கள் இசைபோலக் கேட்டு மகிழ்கின்றனர்.

ஆனால் புகழையும் பயனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோர்டு வண்டிகளுக்காக அவர் செய்த வகையில் நடுப்பகுதி மட்டுமே புதியது. இருபுற மணி உறைகளும் அச்சுத்தண்டுகளும் பழைய ஃபோர்டினுடையவையே. விகிதச் சிக்கல் தீர்ந்தது. கூம்பு முனையின் விரிசல் தீரவில்லை. இன்று தெருவில் மெதுவாக ஓட்டும் வண்டிக்கு இதைப் பொருத்துவோர் பெரும்பாலும் பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணுக்காகவே பொருத்துகின்றனர். அதில் தவறில்லை, வலிமைக்காக என்று சொல்லாதிருந்தால் சரி.

வலிமைக்கான விடை, பழைய வண்டிகளைக் குவிக்கும் இரும்புக் கடையிலிருந்து வந்தது. 1957இல் ஃபோர்டு நிறுவனம் தன் சாதாரணக் குடும்ப வண்டிகளுக்காக ஒரு புதிய பின்னச்சை அறிமுகப்படுத்தியது. வளையப் பற்சக்கரத்தின் விட்டம் 9 அங்குலம். ஆகவே 'ஒன்பது அங்குல அச்சு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பந்தயத்திற்கென்று அது உருவாகவில்லை என்பதே இதில் சுவையான செய்தி. அதன் வலிமைக்குக் காரணங்கள் உண்டு. சிறு பற்சக்கரத்தின் பின்முனையையும் ஒரு பேரிங் தாங்கிப் பிடிக்கிறது. ஆதலால் விசை கூடும்போது அது வளைந்து விலகுவதில்லை. மேலும், சிறு சக்கரம் வளையச் சக்கரத்தின் மையத்திற்கு மிகவும் தாழ்வாக அமைந்துள்ளது. இவ்வாறு மையம் தாழ்த்தப்பட்ட பல்லமைப்பை ஹைப்பாய்டு என்பர். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிக நீளத்திற்குப் படிவதால் சுமை பரவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுப்பகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுத்து மேசையில் வைத்து வேலை செய்யலாம். பேன்ஜோவுடன் போராடியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்கும் ஒரு விலை உண்டு. பற்கள் அதிகம் வழுக்கி உரசுவதால் இயந்திரத்தின் ஆற்றலில் மற்ற அச்சுகளைவிடச் சற்று அதிகமாக இங்கே வெப்பமாக வீணாகிறது. எடையும் கூடுதல். 1960களில் வந்த ஃபோர்டின் எட்டு அங்குல அச்சு மிதமான இயந்திரத்திற்கு முற்றிலும் போதுமானது; இலேசானதும்கூட. பெயருக்காகவே பலர் ஒன்பது அங்குலத்தைத் தேடுகின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது. செவர்லே இயந்திரம் வைத்தவர்கள் 1965க்குப் பின் வந்த செவர்லேயின் 12 போல்ட் அச்சை நாடினர். 1961இல் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம், இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் பின் அமைப்பைக் கொண்டு வந்தபின், அதைப் பளபளப்பாகத் தேய்த்துப் பொருத்துவோரும் தோன்றினர்.

வலிமையான அச்சு கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. 'ஏ' வண்டியின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தடம் 56 அங்குலம். பெரிய வண்டிகளின் அச்சு அதில் நுழையாது. நுழைந்தாலும் டயர் உடலுக்கு வெளியே துருத்தி நிற்கும். ஆகவே அச்சின் உறையை வெட்டிக் குறுக்கி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது வெப்பத்தால் உறை மயிரிழை அளவு வளைந்தாலும் பேரிங் விரைவில் தேய்ந்துவிடும். இதனாலேயே 1957 முதல் 1959 வரையிலான ஃபோர்டு வண்டிகளின் அச்சுக்கு இரும்புக் கடைகளில் பெரும் தேவை இருந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 57 அங்குலம். பெரும்பாலும் வெட்டாமலே பொருத்திவிடலாம்.

இன்னொரு பிழை ஆபத்தானது. புதிய அச்சுக்கு இயக்கத்தண்டை மூடும் குழாய் கிடையாது. குழாய் தாங்கிய முறுக்கை இனி யார் தாங்குவது? இதை எண்ணாமல் குழாயை மட்டும் நீக்கிவிட்டுப் பழைய மெல்லிய தாங்குகம்பிகளை அப்படியே விட்டவர்கள், கம்பிகள் வளைந்து அச்சு திரும்பிக்கொள்வதைக் கண்டனர். அதற்கென்று வலுவான நீள்தண்டுகளோ நான்கு இணைப்புக் கம்பிகளோ இருபுற வில்பட்டைகளோ பொருத்தியாக வேண்டும். ஃபோர்டு நிறுவனமே 1949ஆம் ஆண்டு வண்டியில் குழாயைக் கைவிட்டபோது, குறுக்கு வில்பட்டையையும் சேர்த்துக் கைவிட்டு, நீளவாக்கில் இரண்டு வில்பட்டைகளை வைத்தது. ஒன்றை எடுத்தால் அது செய்த வேலை அனைத்தையும் வேறொன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர்கள் அறிந்திருந்தனர்.

இனிப் பல் விகிதத்திற்கு வருவோம். இப்பகுதியை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பயிற்சியாகவே கொடுக்கலாம். டயரின் விட்டம் 30 அங்குலம் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 30ஐ 3.14ஆல் பெருக்க 94.2 அங்குலம். வண்டி மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிமிடத்திற்கு ஒரு மைல். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். வகுத்தால் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 672 முறை சுழலும். விகிதம் 4.11 என்றால் இயந்திரம், நேரடிப் பல்லில், 2,762 முறை சுழல வேண்டும். 3.50 என்றால் 2,352, 3.00 என்றால் 2,016 மட்டுமே. எண் பெரிதானால் புறப்படும்போது பாய்ச்சல் கூடும். நெடுஞ்சாலையில் இயந்திரம் அலறும். எண் சிறிதானால் பயணம் அமைதி, புறப்பாடு மந்தம். 1930களிலேயே இரண்டும் வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தனர். கொலம்பியா நிறுவனம் ஃபோர்டு அச்சுக்கென்று இரு வேக அமைப்பு ஒன்றை விற்றது. ஓட்டுநர் விரும்பும்போது விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இன்று அது கிடைப்பது அரிது.

அப்படியானால் எதைத் தேர்வது? இவ்வினாவில் ஆர்வலர்கள் இரு கட்சியாக நிற்கின்றனர். 1932 வண்டியின் அடியில் 1957க்குப் பிற்பட்ட அச்சைக் கண்டால் முகம் சுளிப்போர் ஒரு சாரார். முறிந்த அச்சோடு மரபைப் பேசி என்ன பயன் என்போர் மறு சாரார். பழைய எட்டு உருளை ஃபோர்டு இயந்திரமும் குறுகிய டயரும் கொண்ட வண்டிக்குப் பேன்ஜோ அச்சே போதும் என்பது என் கருத்து. ஆனால் தண்டுகளைக் காந்தத்தூள் சோதனைக்கு உட்படுத்தி விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே. இருநூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரத்தையும் அகன்ற டயரையும் வைத்துக்கொண்டு அதே அச்சை நம்புவது, ஓட்டுபவரோடு சாலையில் எதிரே வருபவரையும் பணயம் வைப்பதாகும். மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றலாம். நன்றாக இருக்கும் பழைய குழாயை வெட்டி எறிவதற்கு முன் மட்டும் இருமுறை யோசிக்கலாம். வெட்டப்பட்டவை மிகுதி, முழுமையாக எஞ்சியவை நாளுக்கு நாள் குறைகின்றன.

ஃபோர்டு நிறுவனம் ஒன்பது அங்குல அச்சை 1986இல் நிறுத்திவிட்டது. ஆயினும் வேறு நிறுவனங்கள் அதன் உறை முதல் பற்சக்கரம் வரை புதிதாகவே செய்து விற்கின்றன.

பொம்மை வண்டி கொண்டு வந்த மாணவனுக்குக் கரும்பலகையில் வளைவைப் போட்டு, இரு சக்கரமும் தனித்தனியே சுழல வேண்டும் என்று விளக்கியிருந்தேன். மறுநாள் பின்பக்கக் கம்பியை நடுவில் வெட்டிக் கொண்டு வந்தான். வளைத்துத் தள்ளினான். தேயாமல் அழகாகத் திரும்பியது. பிறகு நேராகத் தள்ளினான். மேசையைத் தாண்டுவதற்குள் இடப்பக்கச் சக்கரம் கம்பியோடு கழன்று விழுந்து, நாற்காலிகளுக்கு அடியில் எங்கோ உருண்டு போயிற்று. வகுப்பு முழுவதும் குனிந்து தேடியது.